அங்கமுத்துவுக்குக் கிடைத்த ஒற்றை மாத்திரை

விக்கிரமங்கலத்துக்கு மேற்கே இருக்கும் நெடுங்கரையில் ரேஷன் கடை திறந்தபோது, எடை போடும் வேலைக்கு அங்கமுத்துவை எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி அவருடைய தெருவுக்கு வந்தது. அவருடைய அப்பா செல்லக்கண்ணு அதைக் கேட்டார். துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கூரையிலிருந்து தொங்கிய தராசைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

செல்லக்கண்ணு ஆயுள் முழுக்கப் பண்ணையாளாக இருந்தவர். கூலி நெல்லாகத்தான் வரும். பண்ணை வீட்டு மரக்காலில் அளந்து போடுவார்கள். அந்த மரக்காலின் அடியில் உள்பக்கமாக ஒரு பலகை வைத்து ஆணி அடித்திருக்கிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்க்க ஒருவருக்கும் வழி கிடையாது. அதனால் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் அளவைப் பார், பிறகு ஆளைப் பார் என்பதுதான் அந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்ட முதல் பாடம். இப்போது அளவே அங்கமுத்துவின் கைக்கு வந்துவிட்டது. 1973ஆம் வருடம் அது. தெருவுக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை முதல் மாதச் சர்க்கரை போடும்வரை நீடித்தது.

கிடங்கிலிருந்து வரும் மூட்டைகளைக் கொக்கி போட்டுத் தூக்குவார்கள். கொக்கி குத்திய ஓட்டை வழியாக லாரியில் கொஞ்சம், வழியில் கொஞ்சம், எலிக்குக் கொஞ்சம் என்று போய், மூட்டை கடைக்கு வந்து சேரும்போது இளைத்திருக்கும். ஆனால் காகிதத்தில் அது இளைப்பதில்லை. கடையில் பில் போடுபவர் வெளியூர்க்காரர். கையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அங்கமுத்து பார்த்துத்தான் போட்டார். சாக்கை உதறி, தரையைக் கூட்டி, சிந்தியதைச் சலித்து, தன்னால் முடிந்தவரை நேராக்கப் பார்த்தார். அப்படியும் நேராகாதபோது தராசு முள் நடுவுக்கு வருவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் தட்டைக் கவிழ்த்தார். அந்த ஒரு இமைப்பொழுதை ஊரே பார்த்தது.

அவருடைய சொந்தச் சித்தியே வாங்கிய சர்க்கரையை நேராக மளிகைக் கடைக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்துப் பார்த்தாள். தெருவுக்குள் வந்து, பண்ணை மரக்கால் தேவலாம் என்று சொன்னாள். வரிசையில் நிற்பவர்கள் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அங்கமுத்து பதில் சொல்லும் ஆள் இல்லை. எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார். காலையில் கடை திறக்கும் முன்பே வரிசை நின்றுவிடும் என்பதால் வெறும் வயிற்றில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வருவார். வெற்றிலை, புகையிலை. சாப்பாடு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ. அதுவும் கொளஞ்சி வைக்கும் காரக்குழம்பு. கொளஞ்சி அவருடைய மனைவி. அவள் குழம்பில் மிளகாயைக் குறைத்ததாக வரலாறு கிடையாது.

நான்கைந்து வருடத்தில் வயிறு பேச ஆரம்பித்தது. தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் தணல் வைத்த மாதிரி எரியும். சாப்பிட்டால் அடங்கும். பசி வந்தால் அதுவும் வரும். முதலில் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார். பெரிய ஏப்பம் வரும், அரை மணி நேரம் சுகமாக இருக்கும். பிறகு அரியலூர் மருந்துக் கடைக்காரர் கொடுத்த வெள்ளை மருந்து. சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருக்கும். அதைக் கடைக்கே கொண்டுவந்து பாமாயில் டின்னுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடையிடையே பாட்டிலோடு கவிழ்த்துக் குடிப்பார். உதட்டு ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். வரிசையில் நிற்பவர்கள் அதையும் பார்த்தார்கள்.

ஊரில் நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க டாக்டர் தேவைப்படவில்லை. இத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டால் அது எங்கே போகும், போட்டவன் வயிற்றுக்குத்தானே வரும் என்று முடிவாகிவிட்டது. கொளஞ்சிக்கும் அதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. ஆடி வெள்ளியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, வந்தவர்களுக்கெல்லாம் சொம்பு நிறைய, வழிய வழிய ஊற்றினாள். வாங்கியவர்கள் குடித்துவிட்டு, ரேஷன் கடைக் கேழ்வரகுதானே என்றார்கள். ரேஷன் கடையில் கேழ்வரகு போடுவதே இல்லை.

1986 கோடையில் அங்கமுத்து கடையிலேயே மயங்கி விழுந்தார். இரண்டு நாளாகத் தார் மாதிரி கறுப்பாக வெளிக்குப் போவதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அரியலூரில் ரத்தம் குறைந்திருக்கிறது என்று சொல்லித் திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பாலசுந்தரம் என்பவர் இருந்தார். வயது நாற்பதுக்குள். வேகமாகப் பேசுவார். நுனியில் விளக்கு வைத்த ஒரு கறுப்புக் குழாயைத் தொண்டை வழியாக இறக்கி வயிற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடுவார். அங்கமுத்துவின் சிறுகுடல் ஆரம்பத்தில் ஒரு பெரிய புண் இருப்பதை அப்படித்தான் பார்த்தார்.

அங்கமுத்து மிகவும் பயந்தது அறுவைச் சிகிச்சைக்கு. பக்கத்து ஊரில் ஒருவர் அதே புண்ணுக்கு வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவர். ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் வேர்த்துக் கொட்டி, கட்டிலில் விழுந்து எழுந்திருப்பார். ஆனால் டாக்டர் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, வயிற்றில் அமிலம் ஊறுவதையே குறைக்கும், அமிலம் குறைந்தால் புண் தானாக ஆறும் என்றார். அதை எப்படிக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும் என்று ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதாகவும், சேர்ந்தால் மாத்திரை முழுக்க இலவசம் என்றும் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் கேட்கும்படி விளக்கினார்.

"நாள் ஒண்ணுக்கு மருந்து ஒரே அளவுதான். சில பேருக்கு அதை ரெண்டாப் பிரிச்சு, காலையில ஒரு சின்ன மாத்திரை, ராத்திரி ஒரு சின்ன மாத்திரை. சில பேருக்கு மொத்தத்தையும் ஒரே பெரிய மாத்திரையா ராத்திரி படுக்கப் போறப்ப. ராத்திரிதான் வெறும் வயித்துல அமிலம் அதிகமா நிக்கும். அதனால ஒண்ணே போதுமான்னு பாக்கணும். யாருக்கு எதுன்னு நான் முடிவு பண்றதில்ல. மூடின கவர்ல சீட்டு இருக்கு. அது சொல்றதுதான்."

இவ்வளவையும் அங்கமுத்து கவனமாகக் கேட்டார். கேட்டதில் அவர் மனதில் தங்கியது ஒன்றுதான்: சில பேருக்கு இரண்டு, சில பேருக்கு ஒன்று.

நர்ஸ் அவருக்கான கவரைக் கிழித்தாள். ஒன்று. அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் ஏலாக்குறிச்சி ஆரோக்கியசெல்வம், பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அவருடைய கவரைக் கிழித்தாள். இரண்டு. போதாததற்கு அங்கமுத்துவைப் பார்த்து "உக்காருப்பா" என்ற டாக்டர், வாத்தியாரைப் பார்த்து "உக்காருங்க சார்" என்றதும் அவர் காதில் விழுந்திருந்தது. சீட்டு, கவர் எல்லாம் சும்மா என்று அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே பஸ். டால்மியாபுரம் தாண்டும்வரை அங்கமுத்து மடியில் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, உங்களுக்கு ரெண்டாங்க சார் என்று கேட்டார். ஆமாம் என்றார் வாத்தியார். சொந்தக்காரர் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றார் வாத்தியார். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று அங்கமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் இறங்கும்போது தன் பொட்டலத்தைப் பிரித்துப் பெரிய மாத்திரையைக் காட்டிவிட்டு ஒரு காரியம் செய்தார். ஒரு நாளைக்கு உங்க மாத்திரை ரெண்டை மட்டும் கொடுங்க, பாத்துட்டு அடுத்த தடவை தந்துர்றேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வாத்தியாருக்கு ஏன் என்று புரியவில்லை. மறுக்கவும் தெரியவில்லை. முதல் நாளே அவர் வைத்தியத்தில் ஒரு நாள் குறைந்தது.

அங்கமுத்து நேராக அரியலூர் கடைவீதிக்குப் போனார். அங்கே அய்யாக்கண்ணு பத்தர் நகை செய்கிறவர். குன்றிமணி அளவுகூடக் காட்டும் தராசு அவரிடம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு தட்டில் பெரிய மாத்திரை ஒன்றையும் மறு தட்டில் சின்ன மாத்திரை இரண்டையும் வைக்கச் சொன்னார். பத்தர் இந்த மாதிரி நகையை வாழ்க்கையில் நிறுத்ததில்லை. ஆனாலும் வைத்தார். சின்ன மாத்திரைத் தட்டு பட்டென்று கீழே இறங்கியது.

வீட்டுக்கு வந்து கொளஞ்சியிடம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் ஒரே அளவு என்று வாய் கூசாமல் சொன்னதையும், பத்தர் தராசில் அந்தச் சாயம் வெளுத்துப் போனதையும் சொன்னார். அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குறையத்தான் இருக்கும். அங்க எடை போடுறவனும் உன்ன மாதிரி ஒரு ஆளுதான."

அன்றிரவு படுக்கப் போகும்போது அங்கமுத்து அந்த ஒற்றை மாத்திரையை விழுங்கினார். வேறு வழி இல்லை.

மாத்திரை வேலை செய்தது. இதைச் சொல்லியாக வேண்டும். நான்காம் நாள் எரிச்சல் பாதியாகிவிட்டது. இரண்டாவது வாரத்தில் வெள்ளை மருந்து பாட்டிலைக் கடைக்கு எடுத்துப் போகவே மறந்துவிட்டார். ஆனால் அங்கமுத்துவின் எண்ணம் மாறவில்லை. குறைந்த மருந்துக்கே இவ்வளவு கேட்கிறது என்றால், இரண்டு வாங்குகிறவருக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அந்த இடத்தில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

அடுத்த முறை மாத்திரை வாங்கத் திருச்சிக்குப் போனபோது வாத்தியாரும் வந்திருந்தார். அவருக்கும் எரிச்சல் குறைந்திருந்தது. அவருக்கும் மனதில் நிம்மதி இல்லை. திரும்பும் பஸ்ஸில் அவரே பேச்சை எடுத்தார்.

ஆரோக்கியசெல்வம் தினமும் காலைத் திருப்பலிக்குப் போகிறவர். நற்கருணை வாங்கும் முன் வாயில் எதுவும் போடக்கூடாது என்று சின்ன வயதில் படிந்த பழக்கம். மருந்து சாப்பிடலாம், தோஷம் இல்லை என்று பங்குச்சாமியாரே சொல்லிவிட்டார். ஆனாலும் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுக் கோயிலுக்குள் நுழையும்போது வாத்தியாருக்குக் கால் கூசியது. அதோடு அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. பெரிய மாத்திரைதான் நிஜமான புது மருந்து. தனக்குக் கொடுத்திருப்பது பழைய சரக்கு. பார்த்தாலே தெரிகிறதே, அது எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றார். வாத்தியார் அந்தப் பெரிய மாத்திரையைப் பார்த்தது போன தடவை பஸ்ஸில் அங்கமுத்து பிரித்துக் காட்டியபோதுதான். அன்றிலிருந்து அது அவர் மனதை விட்டுப் போகவில்லை.

அங்கமுத்து தன் காதை நம்பாமல் அவரைப் பார்த்தார். பிறகு, மாத்திக்கலாங்களா சார் என்றார்.

வாத்தியார் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இது பொய் சொல்வதாகுமா என்று புள்ளம்பாடி வந்து போகும்வரை யோசித்தார். டாக்டர் கேட்பது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா, வலி எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விதான். இரண்டுக்கும் உண்மையைத்தானே சொல்லப் போகிறோம் என்று முடிவுக்கு வந்தார்.

"கவர் மேலதான் என் நம்பர் எழுதியிருக்கு. உள்ள இருக்கிற மாத்திரையில எந்த நம்பரும் இல்ல" என்றார்.

மடியில் கைக்குட்டையை விரித்துப் பொட்டலங்களைப் பிரித்து மாற்றிக் கட்டினார்கள். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அங்கமுத்து காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு சாப்பிட்டார். வாத்தியார் இரவில் ஒன்று சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் மனது குளிர்ந்தது. அங்கமுத்துவுக்கு வலி சுத்தமாக நின்றது. பார்த்தாயா என்று கொளஞ்சியிடம் சொன்னார். காலை மாத்திரைக்கு முன் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று தாமாகவே ஒரு விதி வைத்துக்கொண்டு, பழைய சோறு சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். வெறும் வயிற்று டீ நின்றது. அது மருந்துக் கணக்கில் சேராது என்பதால் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்ததும் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் புண் ஆறியிருந்தது. டாக்டர் பாலசுந்தரத்துக்கு முகம் எல்லாம் சிரிப்பு. அங்கமுத்துவின் முதுகில் தட்டினார். நீங்கதான் எனக்கு முக்கியமான ஆளு என்றார். முதல் நாள் "உக்காருப்பா" என்றவர் இப்போது "நீங்க" என்றார். இரவில் ஒற்றை மாத்திரை போதும் என்று இதுவரை வந்த கணக்கு காட்டுகிறது, இது நிச்சயமாகிவிட்டால் இனி இந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோருக்கும் ஒன்றே எழுதிக் கொடுத்துவிடலாம், காடு கழனிக்குப் போகிறவர்களுக்குக் காலை மாத்திரை என்ற தொல்லையே இருக்காது என்றார்.

அங்கமுத்துவுக்குப் பகீரென்றது. தான் இரண்டு சாப்பிட்டுக் குணமாகி, அதனால் இனிமேல் ஊரில் உள்ளவர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஆகப் போகிறது. தன் தெருவில் நாளைக்கு யாருக்கு இந்தப் புண் வந்தாலும் அவருக்குக் குறைவாகக் கிடைக்கும். அதற்குத் தான்தான் காரணம். ரேஷன் கடையில் அவர் பேரில் சொல்லப்பட்டது எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று தோன்றியது. பதின்மூன்று வருடம் எதையும் விழுங்கிப் பழகியவர் இதை விழுங்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"சார், ஒண்ணு சாப்பிட்டது நான் இல்லீங்க. நான் ரெண்டு சாப்பிட்டேன்."

"அப்ப அந்த ஒண்ணு?"

"வாத்தியார் சாப்பிட்டாருங்க."

டாக்டர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தன் குடையின் கைப்பிடியை ரொம்ப நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். அங்கமுத்து பத்தர் கடைத் தராசைப் பற்றிச் சொன்னார். டாக்டர் ஒரு மாத்திரையை எடுத்து மேஜை மேல் வைத்து நசுக்கினார். இதில் மருந்து என்பது துளிதான், மற்றதெல்லாம் மாத்திரை உருண்டு நிற்பதற்காகச் சேர்க்கும் மாவு, இரண்டு மாத்திரை என்றால் இரண்டு மடங்கு மாவு, எடை அதனால்தான் கூடுகிறது என்றார். அங்கமுத்து அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கோடு சேர்த்து நிறுத்தால் மூட்டை எடை கூடத்தான் காட்டும். அது தெரியாத ஆளா அவர். தினமும் சாக்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கிறவர் மாத்திரைக்குச் சாக்கு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ரொம்ப அவமானமாகப் போய்விட்டது.

அதோடு விட்டிருந்தால் இரண்டு பேரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு டாக்டர் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் வெளியே வராந்தாவுக்குப் போனார். அன்று வந்திருந்த மற்ற நோயாளிகளிடம், திட்டமாட்டேன், உள்ளதைச் சொல்லுங்க என்று கேட்டார். திட்டமாட்டேன் என்று ஒரு டாக்டர் சொன்னது அங்கே பெரிய தாராளமாகப் பட்டது. எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

பெரம்பலூர்ப் பக்கத்துச் சிந்தாமணி தன் மாத்திரையில் பாதியைப் புருஷனுக்குக் கொடுத்திருந்தாள். அவருக்கும் நெஞ்செரிச்சல் இருந்தது, அவர் இருக்கும்போது தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டாள். வைரக்கண்ணு லாரி டிரைவர். படுக்கப் போகும்போது சாப்பிடு என்றார்கள். அவர் படுப்பது காலையில் வெயில் ஏறிய பிறகு. அப்போதுதான் சாப்பிட்டார். ஒருவர் வலி வந்த நாளில் மட்டும் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை மறுபடி வலி வந்தால் ஆகட்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார். இன்னொருவர் இரண்டு வேளை மாத்திரையையும் காலையிலேயே போட்டுவிடுவார், இல்லாவிட்டால் மறந்துவிடுகிறது என்றார். அத்தனை பேரும் இத்தனை வாரமாக, ஒழுங்காச் சாப்பிடுறேங்க என்று சொன்னவர்கள். பெரும்பாலும் அத்தனை பேருக்கும் புண் ஆறியிருந்தது.

டாக்டர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னபடி சாப்பிட்டவர் ஒருவராவது உண்டா என்று நர்ஸைக் கேட்டார். அவள் யோசித்தாள். இருக்கிறார் சார், ரிடையர் ஆன ஒரு போஸ்ட்மேன், தினம் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாமல் சாப்பிட்டிருக்கிறார் என்றாள்.

"அவருக்கு எப்படி இருக்கு?"

"ஆறலை சார்."

டாக்டர் எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்கு டீ சொல்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்தது. பாலாக மாற்றச் சொன்னார்.

அடுத்த வருடம் அவர் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை எல்லோருக்கும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பார்வைக்கு ஒரே மாதிரி. சிலருடைய காலை மாத்திரையில் மருந்தே இருக்காது, வெறும் மாவு; அவர்களுக்கு முழு அளவும் இரவு மாத்திரையிலேயே இருக்கும். யாருக்கு எது என்று நர்ஸுக்குக்கூடத் தெரியாது. பொறாமைப்பட வழியில்லாமல் செய்தாகிவிட்டது. ஆனாலும் புதிதாகச் சேருகிறவர்களிடம் பேசுவதற்கு, மாத்திரை மாற்றிக்கொண்டதில் அனுபவம் உள்ள ஒருவர் வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது. அங்கமுத்துவை வரச் சொல்லி ஆளனுப்பினார்.

அங்கமுத்து கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் நின்று, யாருக்கும் குறைச்சல் இல்லீங்க, எல்லாருக்கும் சமமாத்தான் குடுக்குறாங்க, நானே நிறுத்துப் பாத்தவன் என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. எதிரே இருந்த முகங்கள் எல்லாம் அவருக்குப் பழக்கமான முகங்களாக இருந்தன. ஆள் வேறு, ஊர் வேறு. பார்வை மட்டும் நெடுங்கரையில் சர்க்கரை வரிசையில் நிற்கிற அதே பார்வை. ஒரு அம்மாள், இப்படிச் சொல்வதற்கு ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டாள். அங்கமுத்து முதல் தடவையாக அந்த மாதிரிக் கேள்விக்குச் சிரித்தார். ஒரு டம்ளர் பால் தருவாங்கம்மா என்றார். பெஞ்சும் சிரித்தது. அன்று சேர்ந்தவர்களில் மாத்திரையை மாற்றிக்கொண்டவர்கள் யாரும் இல்லை என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அது அவர்கள் சொன்னதை வைத்து அவர் சொன்னது.

இரண்டாவது ஆராய்ச்சியிலும், இரவு ஒன்றே போதும், இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதற்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றுதான் வந்தது. டாக்டர் அதை எங்கோ ஒரு கூட்டத்தில் வாசித்துவிட்டு வந்தார். கொஞ்ச காலத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்.

மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்பி வரலாம் என்று அவர் போகும்போது எச்சரித்துவிட்டுத்தான் போனார். அடுத்த தீபாவளிக்குள் அங்கமுத்துவுக்கு வந்தது. அரியலூர் மருந்துக் கடையில் அப்போது பெரிய மாத்திரைதான் கிடைத்தது. கேள்வி கேட்காமல் வாங்கி, இரவில் படுக்கப் போகும்போது ஒன்று போட்டுக்கொண்டார். அடங்கிவிட்டது. பிறகு அவர் அதை விடவில்லை.

ஆரோக்கியசெல்வத்துக்கும் வந்தது. ஆனால் அப்போது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்துகொண்டு, இந்த வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடலாம் என்று பொறுத்துப் பார்த்திருக்கிறார். புனித வாரத்தில் ரத்தமாக வாந்தி எடுத்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் காப்பாற்ற முடிந்தது. அங்கமுத்துவுக்குச் செய்தி வந்தபோது வாத்தியார் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கமுத்து அரியலூர் போய் ஏலாக்குறிச்சி பஸ்ஸைப் பிடித்தார். பஸ் முழுக்கக் கோயிலுக்குப் போகும் கூட்டம். வாத்தியார் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். அவருடைய மனைவி அற்புதம்மாள் கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஒரு நேரத்தில் நாலு ஸ்பூனுக்கு மேல் கூடாது, அதற்கு மேல் போனால் படபடவென்று வருகிறது என்றார் வாத்தியார். கொஞ்ச நேரம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். பிறகு கேட்டார்.

"நீங்க இப்ப எப்படிச் சாப்பிடுறீங்க?"

"படுக்கப் போறப்ப ஒண்ணு போட்டுக்குறங்க சார்."

"ஒண்ணு போதும்னு நம்பிக்கை வந்துருச்சா?"

"நம்பிக்கையெல்லாம் இல்லீங்க. வலி இல்ல."

வாத்தியார் தலையாட்டினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அற்புதம்மாள் வற்புறுத்தினாள். கொள்ளிடத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். வாத்தியாருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட மனம் வராமல் அங்கமுத்து அடுப்படிப் பக்கமாக இலையைப் போடச் சொன்னார். குழம்பு நாக்கில் பட்டதும் அவருக்குக் கொளஞ்சியின் கையே நினைவுக்கு வந்தது. புளியும் காரமும் அப்படி ஒரு பதத்தில் நின்றன. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நாலு ஸ்பூன் கஞ்சியோடு உள்ளே இருந்த வாத்தியார், குழம்பு எப்படி இருக்கு என்று கேட்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மிங்க சார்" என்றார் அங்கமுத்து.

அற்புதம்மாள் கரண்டியோடு அவரைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு துண்டு மீனை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.